பெயருக்கு உரிய அலங்காரம்

இலங்கையின் நிவித்திகலப் பகுதியில் ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு, எழுத்து என்பது புத்தகத்தில் அறிமுகமாவதற்கு முன்பே பெட்டியிலும் கட்டிலும் கணக்கிலும் அறிமுகமாகிவிட்ட வஸ்து. தேயிலைப் பெட்டியின் பலகைமீது துளையிட்ட தகட்டை வைத்து மைபூசிப் பதித்த தோட்டத்து மார்க்கு, அதன் கீழே தூளின் ரகம், நிறை, இலக்கம். புகைக்கூடத்திலிருந்து வெளிவந்த றப்பர் ஷீட்டுக் கட்டுகளின்மேல் அதே ஜாதியைச் சேர்ந்த முரட்டுக் கறுப்பு அட்சரங்கள். விடியற்காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டில் கணக்கப்பிள்ளையின் கையில் விரியும் செக்ரோல் என்ற பெயர்ப் பதிவுப் புத்தகம். இவற்றில் அழகு என்ற பேச்சுக்கு இடமில்லை. கணக்கு நேராக வேண்டும், வேலை நடக்க வேண்டும், அவ்வளவே. செக்ரோலின் குறுகிய கட்டத்துக்குள் அடங்குவதற்காக வேலாயுதம் வேலுவாகவும், மகாலட்சுமி லெச்சுமியாகவும், முத்துக்கருப்பன் கருப்பனாகவும் சுருங்கிப்போனார்கள். சுருங்கிய அந்தப் பெயரே சம்பளத்துக்கும் அரிசிக்கும் மருந்துக்கும் செல்லுபடியாகி, ஈற்றில் பிரஜாவுரிமைப் பத்திரங்கள் வரையில் போய் ஒட்டிக்கொண்டது. ஒரு மனிதனுடைய பெயரை எந்த எழுத்தில் எழுதுகிறோம் என்பதும் அவனுக்குச் செய்யும் மரியாதையில் ஒரு பகுதி என்ற எண்ணம் என் மனத்தில் வேரூன்றியதற்கு இந்தப் பூர்வ கதையே காரணம்.

அலங்காரமான சாய்வெழுத்தை நான் முதன்முதலில் கண்டது எங்கள் தோட்டப் பள்ளிக்கூடத்தில். ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். ஐந்து வகுப்புக்கும் ஓர் உபாத்தியாயர். அவர் தமது பயிற்சிப் பத்திரத்தைக் கண்ணாடிச் சட்டமிட்டு, மழைத்தூவானம் படாத சுவரிலே மாட்டியிருந்தார். அதன் தலைப்பு, வலப்புறம் சற்றே சாய்ந்து, தலையெழுத்துக்களின் முனைகள் வெளியே நீண்டு சுழன்று, ஒரே கோட்டில் தடிப்பும் மெலிவும் மாறி மாறி வர, அதுவரை நான் பார்த்த எழுத்துக்களோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது போல நின்றது. அதன் கீழே அவருடைய பெயர் பேனாவினால் எழுதப்பட்டிருந்தது. இரண்டுக்கும் என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. "இதெல்லாம் யாரு கையால எழுதினது சேர்?" என்று கேட்டேன். "மேல இருக்கிறது அச்சு, கீழ இருக்கிறது கை. அச்சு, கையப் பாத்துக் கத்துக்கிட்டதுடா" என்றார். உறுப்பெழுத்துக் கொப்பியில் எங்களைக் கோடு தவறாமல் எழுதவைத்துப் பழக்கிய அந்த மனிதர் சொன்ன வார்த்தையின் பூரணமான அர்த்தம் விளங்குவதற்கு, நான் ஓர் அச்சகத்திலே போய் நிற்க வேண்டியிருந்தது.

1970களின் தொடக்கத்தில், இரத்தினபுரிப் பட்டணத்து அச்சகம் ஒன்றில் அச்சுக்கோக்கும் வேலை பழகுவதற்காக நான் சேர்ந்தேன். அங்கே தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று பாஷைகளுக்கும் தனித்தனியே மரக் கேஸ்கள் இருந்தன. தமிழ்க் கேஸும் சிங்களக் கேஸும் நூற்றுக்கணக்கான அறைகள் கொண்டு சுவரை அடைத்து நிற்க, ஓரமாக ஒரு மெல்லிய இழுப்பறை மட்டும் எப்பொழுதும் துணியால் மூடப்பட்டிருக்கும். அதிலேதான் அந்த ஆங்கிலச் சாய்வெழுத்து இருந்தது. அச்சுக்கோப்பதில் எனக்குக் குருவாக அமைந்தவர் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர். சுருக்கமாகப் பேசுபவர், கை வேகமுள்ளவர். ஆனால் அந்த இழுப்பறையைத் திறக்கும்போது மாத்திரம் அவருடைய கை தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

காரணத்தை அவர் எழுத்தைக் கையில் தந்தே காட்டினார். சாதாரண எழுத்தில், அச்சாகும் முகம் அதன் ஈய உடலின் எல்லைக்குள் அடங்கியிருக்கும். வரிசையாக அடுக்கினால் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும். சாய்வெழுத்திலோ, ஆங்கிலச் சிறிய 'எஃப்' போன்ற அட்சரங்களின் மேல்வளைவும் கீழ்வாலும் உடலைவிட்டு வெளியே நீட்டிக்கொண்டு, பக்கத்து எழுத்தின் தோள்மேல் தங்கியே பிழைக்க வேண்டும். அந்த நீட்சிக்கு அடியில் ஆதாரம் இல்லை. ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து வார்த்த அந்த உலோகம் அழுத்தத்தைத் தாங்குமே தவிர வளைவதைத் தாங்காது. டிரெடில் மெஷினில் காகிதப் பொதி ஒரு தாள் கூடிவிட்டாலும், கழுவும்போது தூரிகை குறுக்கே போய்விட்டாலும், வால் முறிந்துவிடும். "தம்பி, உதை மெதுவாக் கையாள். வால் முறிஞ்சுதெண்டா எழுத்துப் போச்சு, புதுசு எடுக்க இப்ப வழியில்லை" என்பார். அது மெய்யே. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் மிகக் கடுமையாக இருந்த காலம்; அரிசிக்கும் மாவுக்குமே தட்டுப்பாடு நிலவிய நாட்டில், சீமையிலிருந்து அலங்கார எழுத்து வருவித்துத் தருவார் யார்?

அந்த இழுப்பறைக்கு மற்றொரு குறையும் இருந்தது. அலங்கார எழுத்தை வார்ப்பகங்கள் சிறு தொகுதிகளாகவே விற்கும். இன்ன அட்சரம் இத்தனை என்ற விகிதம் ஆங்கில பாஷையின் வழக்கத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது. ஆங்கிலத்தில் மிகுதியாக வருவது 'ஈ' என்ற அட்சரம். எங்கள் பெயர்களிலோ முதலெழுத்தான 'ஏ' என்பதுதான் அடுத்தடுத்து வந்துகொண்டிருக்கும். ராமசாமி என்ற ஒரு பெயருக்கே மூன்று 'ஏ' போய்விடும்; மகாலட்சுமிக்கும் மூன்று; வள்ளியம்மாவுக்கும் மூன்று. மணமகன், மணமகள், இரண்டு பக்கத்துப் பெற்றோர் என்று கோத்துக்கொண்டு வரும்போது பாதியிலேயே அந்த அறை காலியாகிவிடும். ஆகவே குருநாதர் ஒரு நியமம் வைத்திருந்தார்: பத்திரிகையின் செய்தி முழுவதும் நேர் எழுத்தில் சிறியதாக, மணமக்கள் இருவருடைய பெயர்கள் மட்டும் சாய்வெழுத்தில், தனித்தனி வரியில், மேலும் கீழும் தாராளமாக இடம் விட்டு. பற்றாக்குறையிலிருந்து பிறந்த அந்த நியமம், சௌந்தரிய சாஸ்திரத்தின் நியமமும் அதுவே என்பதைப் பின்னாளில் எனக்கு உணர்த்தியது.

அக்காலத்தில் எங்கள் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விவாகப் பத்திரிகை அடிக்க வருபவர்கள் அதிகம் பேர் இல்லை. வெற்றிலை பாக்கு வைத்து லயம் லயமாகப் போய் அழைப்பதே சம்பிரதாயம். ஆனால் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்குப் போக வேண்டும் என்று தீர்மானமாகி, ஒவ்வொரு குடும்பமாகத் தலைமன்னாரில் கப்பலேறத் தொடங்கியபோது, பிரிந்து போகுமுன் ஒரு கல்யாணத்தை முறையாக நடத்திப் பார்க்க வேண்டும் என்ற ஆவல் பலருக்கு உண்டாயிற்று. அப்படி ஒருநாள் நிவித்திகலையிலிருந்து றப்பர்ப் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் வந்தார். மழையில் நனையாமல் மடியில் பொதிந்து கொண்டுவந்த காகிதத்தில், மகளுடைய பெயர் பாடசாலைப் பிள்ளை ஒன்றின் கையெழுத்தில் முழுமையாக எழுதப்பட்டிருந்தது. நான் சரிபார்ப்பதற்காக, தோட்டத்துப் பதிவில் பெயர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "செக்ரோல்ல இருக்கிற பேரு வேணாங்கய்யா. நாங்க வச்ச பேரு இதுதான், இதப் போடுங்க. பூப்போட்ட எழுத்து இருக்காமே, அதுல போடுங்க" என்றார்.

குருநாதர் மறுவார்த்தை பேசாமல் இழுப்பறையைத் திறந்தார். நீளமான பெயர், வரியில் அடங்காது போலிருந்தது. வேறு எவராயினும் எழுத்தின் அளவைக் குறைத்திருப்பார்கள், அல்லது பெயரைச் சுருக்கச் சொல்லியிருப்பார்கள். அவரோ அட்டையின் ஓரத்துப் பூவேலைச் சட்டத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த அகலம் முழுவதையும் பெயருக்கே கொடுத்தார். பிரதி எடுத்துக் காட்டியபோது, அந்தத் தகப்பன் அதை வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய் வெளிச்சத்திலே பார்த்துவிட்டு, இன்னும் பத்துப் பத்திரிகை கூடுதலாக அடித்துத் தரும்படி கேட்டார். இந்தியாவிலுள்ள சொந்தக்காரருக்கும் அனுப்ப வேண்டுமாம். அலங்காரம் என்பது செல்வர்களின் ஆடம்பரம் என்று சொல்பவர்களுடன் நான் இன்றுவரை உடன்படாமலிருப்பதற்கு இந்த ஒரு சம்பவமே போதும்.

அந்த எழுத்தின் வமிசாவளியைப் பிற்பாடு நூல்களைத் தேடிப் படித்து அறிந்துகொண்டேன். பதினைந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளாரன்ஸ் நகரத்திலே, நிக்கோலோ நிக்கோலி முதலிய பண்டிதர்கள் பழைய லத்தீன் சுவடிகளை விரைந்து பிரதி செய்வதற்குக் கையாண்ட சாய்ந்த கையெழுத்தே இதற்கு மூலம். அது நாளடைவில் போப்பாண்டவரின் செயலகத்துக்குள் புகுந்து, அங்கிருந்து வெளிவரும் திருமுகங்களின் எழுத்தாயிற்று. வெனிஸ் நகரத்து அச்சகாதிபதி ஆல்டஸ் மனூஷியஸ், ஃபிரான்செஸ்கோ கிரிஃபோ என்ற கைவினைஞரைக் கொண்டு இக்கையெழுத்தை உலோகத்தில் வெட்டுவித்து, 1501இல் வர்ஜில் கவியின் நூலைக் கையடக்கமான சிறு பதிப்பாக அச்சிட்டார். அதில் சிற்றெழுத்துக்கள் மாத்திரமே சாய்ந்திருந்தன. தலையெழுத்துக்கள் நிமிர்ந்தே நின்றன. போப்பாண்டவரின் செயலகத்தில் எழுத்தராக இருந்த லுடோவிக்கோ தெக்லி அர்ரிகி, 1522இல் இக்கையெழுத்தைப் பழகுவோருக்காக 'லா ஒப்பெரினா' என்ற சிறு நூலை மரக்கட்டையில் செதுக்குவித்து வெளியிட்டார். பின்னர் தாமே அச்சுத்தொழிலிலும் இறங்கினார். 1527இல் ரோமாபுரி சூறையாடப்பட்டபின் அவரைப்பற்றிய செய்தி இல்லை. அவருடைய எழுத்தோ நானூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1925இல் பிரெடரிக் வார்ட் என்பவரால் அச்செழுத்தாகப் புனர்ஜன்மம் பெற்றது.

இந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் பட்டது ஒன்று. இந்த எழுத்தின் உடல் வேகத்துக்காகப் பிறந்தது, ஆடம்பரத்துக்காக அல்ல. அகன்ற முனையுள்ள இறகுப் பேனாவை ஒரே கோணத்தில் பிடித்து, கையை அதிகம் தூக்காமல் எழுதிக்கொண்டு போவதனால் எழுத்து ஒடுங்குகிறது, சாய்கிறது, வளைவுகளிலே தடிப்பும் மெலிவும் தாமாகவே பிறக்கின்றன. அலங்காரம் பிறகே வந்து சேர்கிறது. அதுவும் இடமறிந்தே வருகிறது. செயலகத்து எழுத்தர் தமது பத்திரத்தின் முதல் வரியில், மேலே வெறுமையாக உள்ள ஓரத்துக்குள் எழுத்தின் கொம்புகளை உயர்த்துவார். கடைசி வரியில், கீழே உள்ள வெளிக்குள் வால்களை ஓடவிடுவார். நடுவே வரும் வரிகளில் அடக்கமாக எழுதிப்போவார். தலையெழுத்தின் இடப்புறக் கொடி, 'ஆர்' என்ற அட்சரத்தின் நீண்ட கால், 'எம்' என்பதன் முதற்கோட்டு வளைவு ஆகிய எல்லாமே வெற்றிடத்தை நம்பிப் பிறந்தவை. வெற்றிடம் இல்லாத இடத்தில் அவை ஒன்றோடொன்று மோதி, வாசிப்பவனின் கண்ணைத் தடுக்கும்.

இந்த அடக்கம் தெரிந்தவர்கள் எங்கள் அச்சகத்துக்கு வந்த மாணிக்க வியாபாரிகள். 1971இல் அரச மாணிக்கக் கூட்டுத்தாபனம் ஏற்பட்டு, இத்தொழில் சட்டத்தின் ஒழுங்குக்குள் கொண்டுவரப்பட்ட காலத்தில், வயலில் குழிவெட்டி, இல்லம் என்ற மாணிக்கச் சரளையை அரித்த குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் பெயர் அச்சிட்ட கடிதத்தாள் வைத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். அவர்கள் கேட்டது பெயர் ஒன்றை மாத்திரம் சாய்வெழுத்தில். விலாசமும் தொழிலும் நேர் எழுத்தில். பாடசாலைப் பரிசுப் பத்திரங்களில் தலைப்பு ஒரு வரி. கோயில் திருவிழா மலரில் ஆங்கிலத் தலைப்பு ஒரு வரி. மரண அறிவித்தலுக்குக் குருநாதர் அந்த இழுப்பறையைத் திறந்ததே கிடையாது. துக்கம் நேராகச் சொல்லப்பட வேண்டும் என்பது அவர் கொள்கை. அதை நானும் சிரமேற்கொண்டு நடந்தேன்.

1983 ஆடிக் கலவரத்துக்குப்பின் அவர் யாழ்ப்பாணத்துக்குப் போய்விட்டார். கேஸ்கள் என் பொறுப்புக்கு வந்தன. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒஃப்செட்டும் கணினியும் வந்து ஈய எழுத்தை ஓரம் கட்டின. மிஞ்சியிருந்த மரக் கேஸ்கள் 2003 மே மாதத்து வெள்ளத்தில் களுகங்கையின் சேற்றுக்குள் மூழ்கி, எழுத்துக்கள் நிறைக்கு விலைபோயின. ஆனால் அர்ரிகியின் எழுத்து அழியவில்லை. முன் எப்போதும் இல்லாத பெருக்கத்தோடு திரும்பி வந்தது. ஜெர்மானியக் கலைஞர் ஹெர்மன் ஸாஃப் வரைந்து 1979இல் வெளிவந்த ஸாஃப் சான்சரி என்ற எழுத்துரு, 1986இல் அப்பிள் நிறுவனத்தின் லேசர் அச்சியந்திரத்துக்குள்ளேயே இடம்பெற்றது. மொனோடைப் நிறுவனத்துக்காகப் பட்ரீஷியா சாண்டர்ஸ் அர்ரிகியின் கையெழுத்தைப் பின்பற்றி வரைந்த மொனோடைப் கோர்சிவா, மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் தொகுப்போடு சேர்ந்து, எங்கள் பட்டணத்துக் கணினிக் கடை ஒவ்வொன்றுக்கும் வந்து சேர்ந்தது. 'ஏ' தீர்ந்துபோகும் கவலை ஒழிந்தது. வால் முறியும் பயமும் ஒழிந்தது.

கோர்சிவா சிறந்த எழுத்து என்பது என் அபிப்பிராயம். அதன் சாய்வு மிதமானது; சிற்றெழுத்துக்கள் உடல் சிறுத்துக் கொம்பும் வாலும் நீண்டவை; தலையெழுத்துக்களில் கொடி ஓடுகிறதே தவிர சிக்குவதில்லை. அந்த லட்சணத்தை அறிந்து கையாள வேண்டும். உடல் சிறியதாகையால் மற்ற எழுத்துக்களுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று புள்ளி அளவு கூட்டிப் போட்டால்தான் சமமாகத் தெரியும். வரிகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். முழுச் சொல்லையும் தலையெழுத்துக்களால் மட்டும் அமைக்கவே கூடாது. ஆனால் நான் காண்பது என்ன? காரியாலய அறிவித்தல், மருந்துச் சிட்டை, கேள்விப்பத்திரம், பஸ்ஸின் கண்ணாடி, கடன் நிபந்தனை என்று ஒன்று விடாமல் எல்லாம் இவ்வெழுத்தில். அதிலும் பெயர்கள் முழுவதும் தலையெழுத்தில், ஒவ்வொரு அட்சரத்தின் கொடியும் அடுத்ததன் வயிற்றில் குத்திக்கொண்டு நிற்கிறது. விசேஷ நாளுக்கு உரியதை நாள்தோறும் உடுத்தினால் விசேஷம் என்ற ஒன்றே இல்லாது போய்விடுகிறது. பரிசுப் பத்திரத்தில் ஒரு பிள்ளையின் பெயரும், அதே பத்திரத்தின் விதிமுறைகளும் ஒரே எழுத்தில் இருந்தால், அந்தப் பிள்ளைக்கு நாம் செய்யும் கௌரவம் எங்கே இருக்கிறது?

தமிழுக்கு இப்படி ஓர் எழுத்து வேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக உண்டு. கணினி தமிழ் எழுத்தை இயந்திரமாகச் சாய்த்துக் காட்டுகிறது. அது 'ப', 'ட', 'ம' ஆகியவற்றின் நிமிர்ந்த கோடுகளை விழப்போகிறவை போல ஆக்குகிறதேயன்றி, கையின் ஓட்டத்தைக் கொண்டுவருவதில்லை. இத்தாலிய எழுத்தில் சாய்வு ஒரு விளைவு மாத்திரம். மூலம் பேனாவின் நடை. நம்முடைய எழுத்தோ ஓலையின்மேல் இரும்பு எழுத்தாணி கீறிப் பழகியது. கீறலில் தடிப்பும் மெலிவும் இல்லை, திருப்பமும் சுழியுமே அழகு. அந்தச் சுழிகளில்தான் தமிழின் அலங்காரத்துக்குரிய இடங்கள் இயற்கையாகவே அமைந்து கிடக்கின்றன. 'கி', 'மீ' முதலியவற்றின் மேல்விலங்கு உயர்வதற்கும், 'ரூ', 'மு', 'ழு' முதலியவற்றின் கீழ்ச்சுழி ஓடுவதற்கும் இடம் தருபவை. 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்குமுன் எங்கும் வழங்கிய பழைய லகர ஐகாரமும் னகர ஐகாரமும், துதிக்கை வளைத்து முன்னே நின்றபோது, ஐரோப்பியர் தலையெழுத்தில் தேடிய கொடியை நாம் உயிர்மெய்யிலேயே வைத்திருந்தோம். அகன்ற முனைப் பேனாவைத் தமிழ்க் கைக்குப் பழக்கி, ஆயிரம் தாள் எழுதிப் பார்த்து, அதிலிருந்து ஓர் எழுத்துருவை வரைந்தெடுப்பது நம் இளைஞர்களால் ஆகக்கூடிய காரியமே. அர்ரிகியின் வடிவத்தைப் பார்த்து வரைவதால் அது ஆகாது. அவர் சென்ற வழியே சென்று, நம் கையெழுத்திலிருந்து தொடங்கினால் ஆகும்.

இப்போது எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் கல்யாணப் பத்திரிகைக்கும் பரிசுப் பத்திரத்துக்கும் யோசனை கேட்டு வருகிறார்கள். ஆங்கிலத்தில் வரும் பெயரைச் சாய்வெழுத்தில், முதலெழுத்து மட்டும் பெரியதாக, தனி வரியில் போடுங்கள். தமிழ்ப் பெயரைச் சாய்க்காமல், செய்தியைப் போல் இரண்டு மடங்கு பெரிய நேர் எழுத்தில், சுற்றிலும் வெற்றிடம் விட்டு அமையுங்கள். இடம் போதாவிட்டால் பூவேலையைக் குறையுங்கள், பெயரைக் குறைக்காதீர்கள் என்று அவர்களுக்குச் சொல்லிவருகிறேன். தமிழுக்கென்று ஓர் அலங்கார எழுத்து நம்மவர் கையிலிருந்து பிறக்கும் வரையில் இதுவே முறை என்பது என் தீர்மானமான அபிப்பிராயம்.